கொட்டை, பழம், களை: தோட்டப் பட்டணத்தில் ஒரு டார்வின் நாள்

பிப்ரவரி 12 சார்லஸ் டார்வின் பிறந்த நாள். பிறந்த ஆண்டு 1809. அந்த நாளை ஒட்டிப் பல நாடுகளில் பரிணாமத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பெரிய நகரத்தில் அதற்கு அருங்காட்சியகம் இருக்கும், புதைபடிவம் இருக்கும், பேராசிரியர் இருப்பார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் டைனோசர் எலும்புக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். டைனோசர் எலும்பே வேண்டாம். மாறுபாடு, மரபு, தேர்வு என்ற மூன்றையும் கையில் எடுத்துக் காட்ட, செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் கித்தா எனும் ரப்பர்க்காட்டையும் விடப் பொருத்தமான இடம் குறைவு. டார்வினே 1859இல் வெளியிட்ட தம் நூலின் முதல் அத்தியாயத்தில் காட்டு விலங்கிலிருந்து தொடங்கவில்லை. வளர்ப்புப் புறா, பண்ணைச் செடி என்று மனிதன் கைபட்ட உயிர்களிலிருந்துதான் தொடங்கினார். அதே வழியில், ஒரு மண்டபத்தில் ஆறு மேசை போட்டு, மேசைக்கு ஒரு செய்முறை வைப்போம்.

முதலில் தேதி. பிப்ரவரி 12ஐ அப்படியே பிடித்துக்கொண்டால் நம் ஊரில் சிக்கல் வரும். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்தப் பக்கம்தான் விழும். 2021இல் சீனப் புத்தாண்டே பிப்ரவரி 12, 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. காவடி எடுத்துக் களைத்த வீட்டில் யாரும் மறுநாள் மண்டபத்துக்கு வரமாட்டார்கள். மாற்றுத் தேதிக்குக் காரணமும் இருக்கிறது. 1858ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள்தான் டார்வின், அதே கருத்தைத் தனியாகக் கண்ட இயற்கையாளர் வாலஸ் இருவரின் கருத்துகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் சேர்த்து வாசிக்கப்பட்டன. ஜூலை 1ஐ ஒட்டிய சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்வது நல்லது. காலை என்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பிற்பகல் மழை பிடித்தால் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற குடும்பங்கள் வராது.

ஜூலையில் நடத்துவதென்றால் ஒரு வேலையை முந்தைய ஆண்டே முடித்திருக்க வேண்டும்: கித்தாக் கொட்டை பொறுக்குதல். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் காய் வெடித்துக் கொட்டை விழும். அதைத் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. ஆனால் அந்தக் கொட்டை மேல் இருக்கும் பழுப்புப் புள்ளியையும் வரியையும் நின்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கொட்டையின் ஓடு முழுக்கத் தாய் மரத்தின் திசு. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஓட்டின் கோலம் மாறாது. உள்ளே இருக்கும் கருதான் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பொது. அதனால் ஒரே மரத்துக் கொட்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும், அடுத்த மரத்தின் கொட்டை வேறு கோலத்தில் இருக்கும். கொட்டையைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்கிற பழைய ஆட்கள் தோட்டத்தில் உண்டு. அவர்கள் சொல்வது ஊகமல்ல, அதற்கு அடிப்படை இதுதான்.

மேசைக்கு வேண்டியது ஐந்து மரம், மரத்துக்கு 20 கொட்டை, ஆக 100. ஒவ்வொரு கொட்டையின் அடியிலும் மரத்தின் எண்ணைச் சின்னதாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே முறத்தில் கலந்துவிடுங்கள். வருகிறவர்கள் கோலத்தைப் பார்த்து ஐந்து தட்டில் பிரிக்க வேண்டும், பிறகு திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் கைகூடும். பிரித்து முடித்ததும் ஒரே தட்டில் உள்ள 20 கொட்டையையும் வரிசையாக வைத்து நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். கோலம் ஒன்றாக இருந்தாலும் நீளம் ஒன்றாக இராது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு என்பது அங்கே தெரியும். ஆனால் நீள வித்தியாசமெல்லாம் மரபால் வந்தது என்று சொல்லிவிட வேண்டாம். காயில் கிடைத்த இடம், சத்து, வெயில் ஆகியவற்றாலும் அது வரும். மரபால் வருவது எது, வளர்ப்பால் வருவது எது என்ற கேள்வியை மேசையில் எழுப்பினாலே போதும்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்ல வேண்டும். காய் வெடிக்கும்போது கொட்டை பல மீட்டர் தள்ளித் தெறிக்கும். அடர்ந்த தோப்பில் ஒரு மரத்தின் கீழ் பொறுக்கினால் பக்கத்து மரத்துக் கொட்டையும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். கோயில் ஓரம், ரோட்டோரம், வீட்டுக் கொல்லை என்று தனியாக நிற்கும் மரமாகப் பாருங்கள். ஒட்டுக்கட்டி வளர்த்த தோட்டத்துக்குள் போய் ஐந்து மரத்தில் பொறுக்கினாலும் ஏமாற்றம்தான். ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ஒட்டு ரகத்தில் மரம் பத்தாயிரம் நட்டிருந்தாலும் அது ஒரே மரத்தைத் துண்டு போட்டு நட்டதற்குச் சமம், எல்லாக் கொட்டையும் ஒரே கோலம். அதையும் ஆறாவது தட்டாக வையுங்கள். மாறுபாடு இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலை இல்லை என்பதை வாயால் சொல்வதை விட அந்தத் தட்டு நன்றாகச் சொல்லும். பொறுக்கிய கொட்டையை மூன்று நாள் வெயிலில் காய வைத்து, காற்றுப் போகும் துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கோலம் மறைந்துவிடும். பச்சைக் கொட்டையில் நச்சு இருப்பதால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இந்த மேசையில் ஊர்க்கதையும் வரும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பது பக்கத்து ஊரான கோல கங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. இந்த நாட்டின் கித்தாக்காடுகளில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வம்சம். வம்சம் குறுகியதால் வரும் ஆபத்தைத் தென்னமெரிக்காவில் பார்க்கலாம். 1928இல் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய பெருந்தோட்டத்தில் மரத்தை நெருக்கி நட்டார்கள், இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவி அழித்தது. அந்த நோய் இன்னும் நம் பக்கம் வரவில்லை. வந்தால் தாக்குப்பிடிக்கும் மரம் எது என்பது மாறுபாடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்த மேசை செம்பனைப் பழம். இதற்கு முதல் வேலை தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்குவது. உதிரிப்பழம் கீழே கிடந்தாலும் அது தோட்டத்துச் சொத்து, அனுமதியில்லாமல் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கினால் திருட்டுக் கணக்கில் போய்விடும். இரண்டு கிலோ போதும் என்று அளவைக் குறித்தே கடிதம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

செம்பனையில் ஓடு எவ்வளவு தடிப்பு என்பதை ஒரே மரபணு தீர்மானிக்கிறது. தடித்த ஓடு உள்ளது டூரா, ஓடே இல்லாதது பிசிஃபெரா, இரண்டையும் கலந்தால் கிடைப்பது மெல்லிய ஓடு கொண்ட டெனெரா. ஓடு மெலிந்தால் சதை கூடும், சதை கூடினால் எண்ணெய் கூடும். டூராவை விட டெனெராவில் எண்ணெய் ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம். இது ஒரே மரபணுவின் வேலை என்று 1941இல் காங்கோவில் பணிபுரிந்த பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த மரபணு எது என்று மலேசிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2013இல் கண்டுபிடித்து அறிவித்தது. இன்று தோட்டத்தில் நட்டிருப்பதெல்லாம் டெனெராதான்.

அப்படியானால் டூராவுக்கு எங்கே போவது? வாய்க்கால் ஓரத்திலும் ரோட்டோரத்திலும் பழம் விழுந்து தானாக முளைத்து வளர்ந்த மரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் டெனெராவுக்கும் டெனெராவுக்கும் பிறந்தவை. அந்தச் சேர்க்கையில் நாலில் ஒரு பங்கு டூரா, இரண்டு பங்கு டெனெரா, ஒரு பங்கு பிசிஃபெரா. ஆகவே தானாக முளைத்த மரம் ஏழெட்டைத் தேடிப் பழம் வெட்டிப் பார்த்தால் டூரா கிடைத்துவிடும். பிசிஃபெரா கிடைப்பது அரிது, அதில் குலை பெரும்பாலும் முற்றுமுன் அழுகிவிடும். அதற்குப் படம் வரைந்து வைத்தால் போதும்.

பழத்தை வெட்டும் வேலை பெரியவர்களுக்கே. எண்ணெய் வடியும் பழத்தில் கத்தி வழுக்கும். கையில் பிடித்து வெட்டவே கூடாது. மரக்கட்டையில் ஒரு சின்னக் குழி செதுக்கி, அதில் பழத்தைக் கிடத்தி, பாராங் கத்தியை நடுவில் வைத்து அதன் முதுகில் மரச்சுத்தியலால் ஒரே அடி. சதை மட்டும் வெட்டுப்பட்டுக் கொட்டை நழுவினால், சதையைச் சுற்றிச் சீவிவிட்டு ஓட்டைத் தனியாகப் பிளக்க வேண்டும். 30 பழம் வெட்டினால் 20 நன்றாக வரும். முந்தைய நாள் மாலை வெட்டினால் போதும், அதற்கு முன் வெட்டியது கறுத்துப் புளித்த வாடை வரும். மேசை மேல் பழைய நாளிதழ் நாலு மடிப்புப் போடுங்கள், எண்ணெய் பட்டால் மண்டபத்து மேசை விரிப்பு பிறகு எதற்கும் உதவாது.

ஓட்டின் தடிப்பை மட்டும் வைத்து ரகம் பிரிக்கச் சொன்னால் தகராறு வரும். டூராவில் ஓடு 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை, டெனெராவில் அரை மில்லிமீட்டரிலிருந்து 4 வரை, இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழும். உறுதியான அடையாளம் வேறு. குறுக்கே வெட்டிய டெனெராப் பழத்தில் ஓட்டை ஒட்டிச் சதைக்குள் கறுப்பு நார்ப்புள்ளிகள் வளையமாக ஓடும், மஞ்சள் சதையில் மையால் புள்ளி குத்தியது போலத் தெரியும். டூராவில் அந்த வளையம் இல்லை. இருபது வருடம் குலை வெட்டியவர்கள்கூட இந்த வளையத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் பழத்தைக் குறுக்கே வெட்டும் வேலை அவர்களுக்கு இல்லை. ஆகவே கையில் பூதக்கண்ணாடி ஒன்று வேண்டும்.

பக்கத்தில் இரண்டு துணிப்பை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மணி 20, வெள்ளை மணி 20. ஒவ்வொரு பையிலிருந்தும் கண்ணை மூடி ஒரு மணி எடுத்து, இணையைக் குறித்துக்கொண்டு, மணிகளைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இரண்டும் கறுப்பு என்றால் டூரா, ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை என்றால் டெனெரா, இரண்டும் வெள்ளை என்றால் பிசிஃபெரா. நாற்பது முறை எடுத்தால் 10, 20, 10 என்பதை ஒட்டி வரும். எட்டு முறை மட்டும் எடுத்த பிள்ளைக்கு நாலும் நாலுமாக வந்து, “சொன்னது தப்பு டீச்சர்” என்பான். தப்பில்லை, எண்ணிக்கை பற்றாது. எல்லாக் குழுக்களின் கணக்கையும் ஒரே வெண்பலகையில் கூட்டிக்கொண்டே போங்கள், மதியத்துக்குள் விகிதம் தானாக நேர்ப்படும். எடுத்த மணியைத் திரும்பப் போட மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

செம்பனை மேசையின் ஓரத்தில், முடிந்தால், விரிந்த ஆண் பூங்கொத்து ஒன்றைத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். சோம்பு வாசம் வீசும், மேலே சின்னக் கறுப்பு வண்டுகள் ஊரும். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டின் வம்சம் அது. அதற்கு முன் தோட்டத்தில் பெண்கள் மகரந்தப் பொடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். மரமும் வண்டும் ஆப்பிரிக்காவில் ஒன்றை ஒன்று சார்ந்து பரிணமித்தவை. மரத்தை மட்டும் கப்பலேற்றி வண்டை விட்டுவிட்டு வந்ததன் விலையை அந்தப் பெண்களின் முதுகு கொடுத்தது. பூங்கொத்தைக் காலையிலேயே வெட்டிவர வேண்டும், இரண்டு நாள் பழையது காய்ந்து வண்டு ஓடிவிடும்.

இப்போது களை. எல்லா மேசையிலும் இதற்குத்தான் நல்ல இடம் கொடுக்க வேண்டும் என்பேன், வாசலுக்கு நேராக. சம்பாவ் புல் தெரியாத தோட்டக்காரர் இல்லை. கேழ்வரகின் உறவுக்காரப் புல், கதிரைப் பார்த்தாலே சாயல் தெரியும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு அது அடங்காமல் போனது 1997இல் கவனிக்கப்பட்டது, இதே பேராக்கில், தெலுக் இந்தானில். உலகில் அந்தப் புல் அந்த மருந்தைத் தாங்கியதாக முதன்முதலில் பதிவானதே அதுதான். மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பிறகு மலேசியாவில் எடுத்த செடிகளில் அதே நொதியில் இரண்டாவது மாற்றமும் சேர்ந்து, தாங்கும் திறன் பல மடங்கு கூடியதையும் கண்டார்கள். பரிணாமம் நடக்க மில்லியன் வருடம் வேண்டும், யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்பவர்களுக்கு மருந்து அடிக்கும் பெண்களே சாட்சி. “முன்ன மாதிரி மருந்து கேக்க மாட்டேங்குது” என்று அவர்கள் சொல்வது இயற்கைத் தேர்வின் கள அறிக்கை. இந்த மேசையில் விளக்கம் சொல்ல அப்படி ஒருவரையே அழையுங்கள், பேச்சாளருக்குக் கொடுக்கும் மாலையை அவருக்கும் போடுங்கள்.

மருந்தை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம், ஒரு சொட்டுகூட. பச்சைப்பயறும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் போதும். தாம்பாளத்தில் பச்சைப்பயறு 98, உளுந்து 2. பயறு மருந்துக்குச் சாகும் புல், உளுந்து தாங்கும் புல். முதல் மருந்தடிப்பு: பத்துப் பயறுக்கு ஒன்பதை எடுத்துவிடுங்கள், இலை மறைவில் தப்பியதாக ஒன்றை விடுங்கள். மிஞ்சுவது பயறு 10, உளுந்து 2. புல் மறுபடி விதை போட்டு 100 ஆகட்டும், அதே விகிதத்தில்: பயறு 83, உளுந்து 17. இரண்டாம் மருந்தடிப்புக்குப் பின் பயறு 8, உளுந்து 17, மொத்தம் 25. நாலு மடங்காக்கினால் 32, 68. மூன்றாவது முறை பயறில் 3தான் மிஞ்சும், உளுந்து 68 அப்படியே. மீண்டும் நூறாக்கினால் 4, 96. நூற்றுக்கு இரண்டாக இருந்தது மூன்றே மருந்தடிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தொடக்கத்துக்கு ஒன்று, மருந்தடிப்புக்கு ஒன்று என்று நாலு தாம்பாளத்தையும் கலைக்காமல் வரிசையாக வைத்தால், பச்சையாக இருந்தது கறுப்பாகிப் போவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்தப் பயறாவது உளுந்தாக மாறிச்சா?” இல்லை. மருந்து எந்தப் புல்லுக்கும் தாங்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கவில்லை, தேவைப்பட்டது என்பதற்காக எந்தப் புல்லும் மாறவில்லை. முதல் தாம்பாளத்திலேயே இரண்டு உளுந்து இருந்தது. மருந்து செய்ததெல்லாம் மற்றவற்றைக் களத்திலிருந்து விலக்கியதுதான். பரிணாமத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், படித்தவர்களும் சேர்த்து. “சூழலுக்கேற்ப உயிரினம் தன்னை மாற்றிக்கொள்கிறது” என்ற வரியை எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, “மாறுபட்டவை எஞ்சுகின்றன” என்று எழுதுங்கள். எலியும் இதே கதைதான். செம்பனைத் தோட்டத்து எலிகளில் வார்ஃபரின் விஷத்தைத் தாங்குபவை 1980களில் தலைதூக்கின. அதனால் வேறு விஷத்துக்கும், ஆந்தைக்குக் கூடு வைத்து வளர்ப்பதற்கும் தோட்டங்கள் திரும்பின.

உளுந்து ஒன்றும் இல்லாமல் பயறு 100ஐ மட்டும் வைத்து ஒருமுறை செய்துகாட்டுவதும் நல்லது. மூன்று மருந்தடிப்புக்குப் பிறகும் எல்லாம் பச்சைதான். கித்தாக் கொட்டையின் ஆறாவது தட்டு சொன்னதை இந்தத் தாம்பாளமும் சொல்லும்.

மிச்ச மூன்று மேசைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்று, புள்ளி விளையாட்டு. பூப்போட்ட பாத்தேக் சாரோங் ஒன்றை மேசையில் விரித்து, ஐந்து நிறத் தாளில் ஒற்றைத் துளை போடும் கருவியால் நிறத்துக்கு 20 வட்டம் போட்டு, 100ஐயும் தூவுங்கள். ஐந்து பேர் பறவைகள், ஆளுக்கு 15 பொறுக்க வேண்டும். மிஞ்சும் 25க்கும் தலைக்கு மூன்று குட்டி சேர்த்தால் மறுபடி 100. மூன்று தலைமுறை ஓட்டினால் துணியோடு ஒத்துப்போகும் நிறம் பெருகும். மின்விசிறியை நிறுத்தாவிட்டால் முதல் தலைமுறையே பறந்துபோகும். பிள்ளைகள் உள்ளங்கையால் வாரினால் வியர்வையில் எல்லா நிறமும் ஒட்டிவரும், விளையாட்டு கெடும். ஒரு தடவைக்கு ஒன்று, பொறுக்கியதும் முகத்தைத் திருப்பிக் கிண்ணத்தில் போட வேண்டும் என்பதே விதி. வெறும் வெள்ளைத் துணி வேண்டாம், அதில் வெள்ளை வட்டம் ஜெயிப்பது யாருக்கும் வியப்பாக இராது.

இரண்டு, காலக் கயிறு. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லியன் வருடம் என்று வைத்தால், 4,540 மில்லியன் வயதான பூமிக்கு 45.4 மீட்டர் கயிறு. பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர், ஆகவே மண்டபத்துக்குள் திடலின் நீளத்தை மூன்று முறை கடந்து இன்னும் ஐந்து மீட்டர் மிஞ்சும். இன்றைய நாளைப் பூச்சியமாக வைத்துத் துணிக்கிளிப்பு மாட்டுங்கள்: 66 சென்டிமீட்டரில் டைனோசர்களின் முடிவு, 2.3 மீட்டரில் அவற்றின் தொடக்கம், 4.7 மீட்டரில் நிலத்தில் செடிகள், 24 மீட்டரில் காற்றில் ஆக்சிஜன் ஏறியது, 35 மீட்டரில் பரவலாக ஏற்கப்பட்ட மிகப் பழைய உயிர்த்தடங்கள். நம் மனித இனத்துக்கு மூன்று மில்லிமீட்டர். பேராக்கின் லெங்கோங்கில் 1991இல் தோண்டியெடுத்த பேராக் மனிதன் என்ற பழங்கால எலும்புக்கூட்டுக்குப் பத்தாயிரம் வருடத்துச் சொச்சம், அது ஒரு தாளின் தடிப்பு. ராஃபியா நார்நாராகப் பிரியும், நைலான் இழுத்தால் நீளும். பருத்திக் கயிறு வாங்கி, தரையில் அளவுநாடா போட்டு அதன்மேல் கிடத்திக் குறியுங்கள்.

மூன்று, கோழிச் சிறகு. சிறு தீயில் அரை மணிக்கு மேல் வேகவிட்டு, சதையை நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காயவைத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டினால், மேல்கை ஒற்றை எலும்பு, கீழ்கை இரட்டை எலும்பு, மணிக்கட்டு, விரல் என்று நம் கையின் வரிசை அப்படியே தெரியும். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் எலும்பு முனை பிய்ந்துவிடும். மரக்கறி உண்ணும் குடும்பங்களை நினைத்து இந்த மேசையை ஓரமாக, தேநீர் மேசையிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

நேரக் கணக்கு: ஆறு மேசை, மேசைக்குப் பதினைந்து நிமிடம், குழுவுக்குப் பன்னிரண்டு பேர். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம், 72 பேர். ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, பதினொன்றுக்கு ஒரு சுற்று, நடுவில் அரை மணி வடையும் தேநீரும் உரையும். மேசைக்கு இரண்டு பேர் வீதம் படிவம் 4, 5 மாணவர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாலை பயிற்சி கொடுத்து, பயறுக் கணக்கையும் மணிக் கணக்கையும் தாங்களே முழுதாகச் செய்துபார்க்க விடுங்கள். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிப்பவர்கள் என்பதால், ஒவ்வொரு மேசையிலும் தமிழ்ச் சொல்லோடு மலாய்ச் சொல்லையும் எழுதி வையுங்கள்: பரிணாமம் எவொலுசி, இயற்கைத் தேர்வு பெமிலிஹான் செமுலா ஜாடி. பதாகையில் ‘பரிணாமக் கொள்கை’ என்று போடுவதை நான் விரும்ப மாட்டேன். கொள்கை என்றால் கட்சிக்காரர் மாற்றிக்கொள்வது என்ற நினைப்பு வரும். கோட்பாடு என்பதே சரி.

உரை இருபது நிமிடம், அதில் டார்வினுக்குப் பாதி, வாலஸுக்குப் பாதி. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் மலாக்காவுக்கு வந்து லேடாங் மலை ஏறியவர். 1855 பிப்ரவரியில் சரவாக் சந்துபோங்கில் மழைக்காலத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் உயிரினமும் அதற்கு நெருங்கிய முந்தைய இனம் இருந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். இயற்கைத் தேர்வு அவருக்கும் தனியாகப் பிடிபட்டு, 1858இல் அந்தக் கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். எட்டு வருடத்தில் இந்தத் தீவுகளில் அவர் சேர்த்த மாதிரிகள் 1,25,660. அவற்றில் பெரும்பங்குக்கு உழைத்தவர்கள் உள்ளூர் ஆட்கள். சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பறவை சுடவும் தோல் உரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்து, வாலஸே அறியாத புதுப் பறவை ஒன்றை 1858இல் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பறவை இன்று வாலஸ் பெயரைத் தாங்கியிருக்கிறது. மேடையில் டார்வின் படம் வைத்தால் பக்கத்தில் அலியின் படமும் இருக்கட்டும், ஒரு புகைப்படம் எஞ்சியிருக்கிறது.

கேள்வி நேரத்தில் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். “அப்ப நாம குரங்குக்கா தம்பி பொறந்தோம்?” இல்லை தாத்தா, சிம்பன்சி நமக்குப் பாட்டன் முறை இல்லை, பங்காளி முறை. பெரியப்பா மகன் உங்களைப் பெறவில்லை, இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். அந்தத் தாத்தா வாழ்ந்தது ஆறேழு மில்லியன் வருடத்துக்கு முன், கயிற்றில் ஆறேழு சென்டிமீட்டர். “மனுசன் வந்த பிறகு குரங்கு ஏன் இன்னும் இருக்கு?” நம் கொள்ளுத்தாத்தா கப்பலேறி மலாயா வந்த பிறகும் சேலத்திலும் நாமக்கல்லிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். சாமி உண்டா இல்லையா என்று கேட்டால், அந்த மேசை இந்த மண்டபத்தில் போடவில்லை என்று பணிவாகச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போங்கள். கோயில் மண்டபத்தில் நடத்தினால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஆறு மேசையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் செம்பனைக் கொட்டைகளை மண்டபத்துக்குப் பின்னால் கொட்டாமல் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேலியோரம் முளைக்கும். கித்தாக் கொட்டைகளை மரத்தின் எண்படி பிரித்துப் பையில் கட்டி, எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற குறிப்பை உள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த ஆகஸ்டில் அதே மரத்தடிக்குப் போய் இன்னொரு 20 பொறுக்கி, பழைய கொட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.